ஆகஸ்டில் குளிரும் கடல்

தஞ்சோங் மாலிமில் கடல் கிடையாது. பேராக்கும் சிலாங்கூரும் தொட்டுக்கொள்ளும் இந்த ஊரில் நமக்குப் பழகிய நீர் பெர்ணம் ஆறுதான். தித்திவங்சா மலையிலிருந்து இறங்கி, ஒரு காலத்தில் ரப்பராக இருந்து இன்று பெரும்பாலும் செம்பனையாகிவிட்ட தோட்டங்களைக் கடந்து, பாகான் டத்தோவுக்கும் சபாக் பெர்ணத்துக்கும் நடுவே அது மலாக்கா நீரிணையில் சேர்கிறது. இன்னொரு கடல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பகாங்கைக் குறுக்கே தாண்டிக் குவாந்தான் போனால் தென்சீனக் கடல்.

ஆகஸ்டு மாதத்தில் இந்த இரண்டு கடல்களின் வெப்பநிலை வரைபடத்தைக் கணினியில் விரித்துப் பாருங்கள். மேற்கே நீரிணை நெடுகிலும் ஏறக்குறைய ஒரே வெதுவெதுப்பு. கிழக்கே, பகாங்கிலிருந்து திரெங்கானு வரை, கரையை ஒட்டிய ஒரு பட்டை மட்டும் வெளிக்கடலைவிட ஒரு டிகிரி அளவுக்குக் குளிர்ந்து கிடப்பதைப் பல ஆண்டுகளின் படங்களில் காணலாம். மழையும் மேகமும் சேர்ந்து உண்டாக்கிய குளிர் என்று சொல்ல முடியாது. கிழக்குக் கரைக்கு அது மழை குறைந்த, வெயில் மிகுந்த காலம். அடியில் கிடந்த நீர் மேலே வந்திருக்கிறது. ஆழ்நீர் எழுச்சி என்று கடலியலில் இதைச் சொல்கிறார்கள். மலேசியா திரெங்கானு பல்கலைக்கழகத்தின் கடலியலாளர்கள் இந்தக் குளிர்ப் பட்டையைச் செயற்கைக்கோள் தரவு, காற்றுத் தரவு, கப்பலில் போய் எடுத்த அளவீடு ஆகியவற்றை ஒன்று சேர்த்து ஆராய்ந்து வருகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று உண்டாக்கும் இந்த எழுச்சியின் போக்கைப் பற்றி 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது.

காற்று வீசினால் அடிநீர் ஏன் மேலே வர வேண்டும்? திரெங்கானுக் கடற்கரையில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றில், கரைக்கு இணையாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும் ஒரு பங்கு உண்டு. அந்தக் காற்று போகும் திசையைப் பார்த்து நின்று வலக்கையை நீட்டினால், விரல் காட்டுவது கிழக்கை, அதாவது திறந்த கடலை. பூமத்திய ரேகைக்கு வடக்கே, காற்று தள்ளும் மேல்நீர் அந்த வலக்கைத் திசையில்தான் போகிறது.

இதை முதலில் கவனித்தவர் நார்வே நாட்டின் ஃப்ரிட்யோஃப் நான்சென். 1893 முதல் 1896 வரை தம்முடைய ஃப்ராம் கப்பலை ஆர்க்டிக் பனியில் உறையவிட்டுப் பனியோடு மிதந்தபோது, பனிக்கட்டிகள் காற்றின் திசையில் நேராகப் போகாமல் 20 முதல் 40 டிகிரி வரை வலப்புறம் விலகிப் போவதை அவர் பார்த்தார். அதற்குக் கணிதம் எழுதியவர் சுவீடனின் இளம் இயற்பியலாளர் வால்ஃப்ரிட் எக்மன். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1905இல் வந்தது. காற்று மேலடுக்கை இழுக்கிறது. அந்த அடுக்கு தனக்குக் கீழே உள்ளதை இழுக்கிறது. சுழலும் பூமி ஒவ்வோர் அடுக்கையும் இன்னும் கொஞ்சம் வலப்புறம் திருப்பிவிடுகிறது. கீழே போகப்போக வேகம் தேய்கிறது, திருப்பம் கூடுகிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டினால் நீரின் மொத்த நகர்வு காற்றுக்குச் சரியாக 90 டிகிரி வலப்புறமாக அமைகிறது. மேல்நீர் கரையை விட்டு விலகியதும் அங்கே ஏற்படும் குறையை ஏதாவது ஒரு நீர் நிரப்பியாக வேண்டும். ஒரு பக்கம் நிலம். அடியிலிருந்து வருவதைத் தவிர வேறு வழியில்லை.

எக்மனின் வாய்ப்பாட்டில் நமக்கென்றே ஒரு செய்தி இருக்கிறது. ஒரே வலுவுள்ள காற்று எவ்வளவு நீரை நகர்த்தும் என்பது அந்த இடத்தின் அட்சரேகையைப் பொறுத்தது. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க நகரும் நீரின் அளவு கூடும். 5 டிகிரி அட்சரேகையில் உள்ள திரெங்கானுவில், கலிபோர்னியாவில் நகர்வதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் நகர வேண்டும் என்று வெறும் கணக்கு சொல்கிறது. கடல் அப்படி நடந்துகொள்வதில்லை. பூமத்திய ரேகைக்கு அருகே காற்றின் பிடி ஆழமான அடுக்கு வரை பரவ முயல்கிறது. ஆனால் தீபகற்பத்தின் கிழக்கே கடல் வெகு தூரத்துக்கு ஆழமில்லாத கண்டத்திட்டு. அந்தப் பிடி கடலடித் தரையில் மோதி, உராய்வில் வலுவிழந்துவிடுகிறது. பெரூவின் எழுச்சியையோ கலிபோர்னியாவின் எழுச்சியையோ விளக்கும் பாடத்தை அப்படியே கொண்டுவந்து நம் கரையில் ஒட்ட முடியாததற்கு இது ஒரு காரணம்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் மேற்குக் கடலில் இந்த எழுச்சி ஏன் தென்படுவதில்லை? முதலாவதாக, தென்மேற்குக் காற்றைச் சுமத்ரா மறித்துக்கொள்கிறது. இரண்டாவதாக, அதே வலக்கைக் கணக்கைப் பாகான் டத்தோவில் நின்று போட்டால் விரல் நிலத்தைக் காட்டும். அந்தக் காற்று மேல்நீரைக் கரைமேல்தான் தள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக நீரிணை ஆழமற்றது. வடமேற்கே அந்தமான் கடலை நெருங்கும்போதுதான் ஆழம் கூடுகிறது. ஓத நீரோட்டம் அதை நாள்தோறும் கலக்கிக்கொண்டிருப்பதால், அடியில் குளிர்நீர் தனியாகத் தங்க இடமே கிடைப்பதில்லை.

அடிநீர் எழும் வேகம் நாளொன்றுக்குச் சில மீட்டர்தான். அலையும் ஓதமும் மணிக்குப் பல நூறு மீட்டர் வேகத்தில் இங்குமங்கும் ஆட்டும் நீரில், இந்த மெல்லிய மேல்நோக்கிய அசைவை ஒரு கருவியை இறக்கி நேரடியாக அளப்பது மிகக் கடினம். அதனால் விளைவைப் பிடிக்கிறோம். ஆழத்து நீர் குளிர்ந்தது. அது மேலே வந்தால் மேற்பரப்பு குளிரும். கரையோர வெப்பநிலையையும் அதே அட்சரேகையில் வெளிக்கடலின் வெப்பநிலையையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். பருவக்காற்று வந்தால் மேகம் மூடும், ஆவியாதல் கூடும், எழுச்சியே இல்லாத இடத்திலும் கடல் ஓரளவு குளிரும். வெளிக்கடலைக் கழித்துவிட்டால், மிஞ்சும் குளிரைப் பெரும்பாலும் எழுச்சியின் கணக்கில் வைக்கலாம்.

வெப்பநிலையை அளப்பது எளிய வேலை என்று தோன்றும். அதன் வரலாறு அப்படி இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு நம் முன்னோரை ஏற்றிவந்த ரஜுலா போன்ற கப்பல்கள் ஓடிய காலத்தில், உலகெங்கும் வணிகக் கப்பல்களின் மாலுமிகள் கடல்நீரை அளந்தது வாளியால். கயிற்றில் கட்டிய வாளியைப் பக்கவாட்டில் இறக்கி, நீரை மொண்டு மேலே இழுத்து, வெப்பமானியை அதில் வைத்துப் படித்தார்கள். மர வாளி சூட்டை ஓரளவு காத்தது. கித்தான் துணியால் செய்த வாளி மேலே வருவதற்குள் காற்று பட்டு, துணியிலிருந்து நீர் ஆவியாகி, உள்ளே இருப்பது சற்றுக் குளிர்ந்துவிடும். வேறு சில கப்பல்கள் எந்திரத்தைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தன. அது எந்திர அறையின் சூட்டில் சற்று வெதுவெதுப்பாகக் காட்டும். இரண்டுக்கும் இடையே டிகிரியில் பத்தில் சில பங்குதான் வேறுபாடு. அந்தச் சிறு வேறுபாடு வரலாற்றையே குழப்பியது. உலகக் கடல்களின் பழைய வெப்பநிலைக் கோட்டில் 1945இல் ஏறத்தாழ 0.3 டிகிரி சரிவு ஒன்று தெரிந்தது. கடல் குளிர்ந்ததால் வந்த சரிவு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. போர்க்காலத்தில் பதிவுகளில் பெரும்பங்கு எந்திர நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தது என்றும், போர் முடிந்ததும் வாளியைப் பயன்படுத்திய பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு திடீரென்று கூடியது என்றும் 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. சரிவில் பெரும்பகுதிக்கு அளந்த முறையே காரணம். கரையோர எழுச்சியில் நாம் தேடுவதும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம்தான் என்பதால், இந்தக் கதையைக் கடலியல் மாணவர் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

1981இலிருந்து அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் உள்ள அகச்சிவப்புக் கருவிகள் தொடர்ச்சியான படத்தைத் தருகின்றன. கடல் உமிழும் வெப்பக் கதிரைப் பிடித்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நுணுக்கமான படம் கிடைக்கும். குளிர்ப் பட்டையின் விளிம்பும், அதிலிருந்து வெளிக்கடலுக்கு நீளும் குளிர் நாக்குகளும் தெளிவாகத் தெரியும். வரம்புகளும் உண்டு. அகச்சிவப்பு பார்ப்பது கடலின் தோலை மட்டும். பத்து, இருபது மைக்ரோமீட்டர் தடிமனுள்ள அந்தத் தோல் ஒரு தலைமுடியைவிட மெல்லியது. காற்றில்லாத நடுப்பகலில் அந்தத் தோலும் அதன் கீழே உள்ள ஒன்றிரண்டு மீட்டரும் பல டிகிரி சூடேறி, அடியில் உள்ள குளிரை மறைத்துவிடக்கூடும். அதனால் இரவில் எடுத்த படங்களையே ஆய்வாளர்கள் அதிகம் நம்புகிறார்கள். அகச்சிவப்பு மேகத்தை ஊடுருவாது என்பது இதைவிடப் பெரிய இடையூறு.

இந்தக் கடைசி இடையூறு கடுமையாகத் தாக்குவது தமிழும் மலையாளமும் பேசும் கடற்கரையை. கன்னியாகுமரியிலிருந்து கொல்லம், கொச்சி வழியாக வடக்கே போகும் கரையில் தென்மேற்குப் பருவத்தில் நடப்பது இந்தியாவின் மிக முக்கியமான ஆழ்நீர் எழுச்சி. இங்கே காற்றின் கரையோரப் பங்கு வடக்கிலிருந்து தெற்கே போகிறது. தெற்கே பார்த்து வலக்கையை நீட்டினால் விரல் அரபிக்கடலைக் காட்டும். மே மாதவாக்கில் தென்முனையில் தொடங்கி, மெல்ல மெல்ல வடக்கே பரவி, செப்டம்பர் வரையோ அதற்குப் பிறகுமோ நீடிக்கிறது. ஏப்ரலில் 30 டிகிரியைத் தொடும் கரையோர நீர், ஜூலை, ஆகஸ்டில் 26, 27 டிகிரிக்கு இறங்கும். குமரிமுனைக்குத் தெற்கே, இலங்கையை நோக்கி நீளும் ஒரு குளிர் வட்டாரமே கோடைதோறும் உருவாகிறது. கடலியல் கட்டுரைகளில் அதைச் சிறு குளிர்க்குளம் என்று குறிக்கிறார்கள். உள்ளூர்க் காற்று மட்டும் இதற்குக் காரணமில்லை. வங்கக் கடலில் எழுந்து, இலங்கையைச் சுற்றி, இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கே நகரும் பெரிய அடியலைகளும் குளிர்நீர் அடுக்கை முன்கூட்டியே உயர்த்தி வைக்கின்றன. இந்த அலைகள் மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. அவற்றின் ஏற்ற இறக்கம் முழுவதும் நீருக்குள்.

எழுச்சி உச்சத்தில் இருக்கும் அதே வாரங்களில் அந்தக் கரையை மேகம் மூடிக்கிடக்கிறது. அகச்சிவப்புப் படத்தில் வெறும் வெண்மைதான். மேகத்தை ஊடுருவும் நுண்ணலைக் கருவி 1997 நவம்பரில் ஏவப்பட்ட வெப்பமண்டல மழை அளவீட்டுச் செயற்கைக்கோளில் போனது. அதன் பிறகுதான் பருவக்காற்றுக் காலத்துக் கடலின் வெப்பநிலை வெளிக்கடலில் நமக்கு ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கியது. ஆனால் நுண்ணலையின் பார்வை அகலமானது. பல பத்துக் கிலோமீட்டர் பரப்பை ஒரே புள்ளியாகப் பார்க்கிறது. அந்தப் பரப்பில் கொஞ்சம் நிலம் கலந்துவிட்டால் அளவீடு கெட்டுவிடும். அதனால் கரையை ஒட்டிய பட்டையைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டாயிரம் மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் ஆர்கோ மிதவைகள் உலகக் கடலெங்கும் ஏறத்தாழ நான்காயிரம் இருக்கின்றன. அவை ஆழமான கடலுக்கானவை, ஆழமற்ற கண்டத்திட்டுக்கு வருவதில்லை. குமரி மாவட்டத்துக் குளச்சலின் மீனவர் ஒருவர் காலையில் போய் மதியம் திரும்பும் அந்தச் சில பத்துக் கிலோமீட்டர் கடல், பூமியின் கடல்களிலேயே மனிதர் அதிகம் நம்பி வாழும் பகுதிகளில் ஒன்று. எழுச்சி நடக்கும் மாதங்களில் மிகக் குறைவாக அளக்கப்படும் பகுதியும் அதுதான். இது எனக்குத் தாங்க முடியாத இடைவெளியாகத் தோன்றுகிறது.

கணினியில் பார்க்கும் வரைபடங்களில் இந்த இடைவெளி தெரியாது என்பது இன்னொரு சிக்கல். அன்றாட வரைபடங்கள் அகச்சிவப்பு, நுண்ணலை, மிதவை, கப்பல் என்று எல்லாவற்றையும் கலந்து, விடுபட்ட இடங்களைக் கணித முறையில் நிரப்பி வழவழவென்று வருகின்றன. கால் டிகிரிக் கட்டங்களில் 1981 செப்டம்பரிலிருந்து ஒவ்வொரு நாளுக்குமான அமெரிக்கத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. நாசா வெளியிடும் ஒரு கிலோமீட்டர் நுணுக்கமுள்ள தரவும் அப்படியே. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் வளாகத்திலோ, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியிலோ ஒரு மாணவி இதைப் பதிவிறக்கிக் குவாந்தானுக்கு நேரே ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். அப்படிச் செய்பவர் ஒன்றைச் சேர்த்துச் செய்ய வேண்டும். தரவோடு வரும் பிழை மதிப்பீட்டையும் திறந்து பார்க்க வேண்டும். எந்த இடம் அளந்தது, எந்த இடம் நிரப்பியது என்று ஓரளவு அதில் தெரியும்.

முறையாக அளந்த வெப்பநிலைகூட ஏமாற்றலாம். கேரளக் கரையில் பருவமழை ஆறுகளெல்லாம் பெருகிக் கடலில் கலக்கும்போது, எடை குறைந்த நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு மூடியாகப் படுத்துவிடும். குளிர்நீர் கீழே சில மீட்டர் ஆழம் வரை வந்து நிற்கும், மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருக்கும். செயற்கைக்கோள் எழுச்சி இல்லை என்று சொல்லும். வலையை இறக்கியவருக்கு, நீவாடு என்று மீனவர் சொல்லும் நீரோட்டமும் குளிரும் மாறியிருப்பது தெரிந்துவிடும்.

குளிரோடு மேலே வருவது உரம். கடலின் மேலே வெளிச்சம் இருக்கிறது, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் தீர்ந்துபோகின்றன. அடியில் அவை குவிந்திருக்கின்றன, வெளிச்சம் இல்லை. எழுச்சி இரண்டையும் ஓரிடத்தில் சேர்க்கிறது. டயாட்டம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் சில நாட்களில் பல்கிப் பெருகுகின்றன. குமரி மாவட்டத்தில் சாளை என்றும் பிற இடங்களில் மத்தி என்றும் சொல்லும் மீன் இந்தப் பாசிகளை நேரடியாகவே தின்கிறது. ஆர். சுப்பிரமணியனும் ஆர். வி. நாயரும் 1955இல், ஃபிராஜிலேரியா ஓசியானிகா என்ற ஒரு டயாட்டம் பெருகும் காலத்தையும் சாளை அதிகம் படும் காலத்தையும் இணைத்துக் காட்டினார்கள். செயற்கைக்கோளே இல்லாத நாளில், மீனின் வயிற்றையும் கடல்நீரின் துளியையும் நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டது அது. வியட்நாமின் ஃபான் தியெட் மீன்சாறுக்குப் பேர்போனது. அதற்குப் பயன்படும் நெத்திலி கிடைக்கும் கடல், தென்சீனக் கடலின் மிக வலுவான கோடை எழுச்சிப் பகுதி. உலகக் கடற்பரப்பில் மிகச் சிறிய பங்கே உள்ள எழுச்சிப் பகுதிகளிலிருந்து உலகின் கடல்மீனில் ஐந்தில் ஒரு பங்கு வருவதாக மதிப்பிடுகிறார்கள்.

இதனால் குளிர்ந்த நீர் என்றாலே மீன் என்று எண்ணிவிடக்கூடாது. ஜெர்மானியக் கடலியலாளர் கார்ல் பான்சே 1959இல் எழுதிய ஒரு கட்டுரை கொச்சிக் கடலைப் பற்றியது. எழுந்து வரும் அடிநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்றும், அது கண்டத்திட்டின் மேல் ஏறும்போது அடிமட்ட மீன்கள் விலகிப்போய் இழுவலையில் ஒன்றும் படுவதில்லை என்றும் அவர் காட்டினார். ஒரே எழுச்சி மேலே நீந்தும் சாளைக்கு விருந்து, தரையில் வாழும் மீனுக்கு மூச்சுத்திணறல். சாளையின் கணக்கும் நேரானதில்லை. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் சாளை பிடிபட்டது. 2021இல் நான்காயிரம் டன்கூட இல்லை. கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் இதற்கான காரணங்களைத் தொடர்ந்து ஆராய்கிறது. எழுச்சியின் வலு, அது தொடங்கும் நேரம், எல் நினோ, மிதமிஞ்சிய மீன்பிடி எல்லாம் அதில் பின்னிக் கிடக்கின்றன. பூமி சூடேறும்போது நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு கூடிக் கரையோரக் காற்று வலுக்கும், அதனால் எழுச்சியும் வலுக்கும் என்று ஆண்ட்ரூ பக்குன் 1990இல் முன்வைத்த கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது. அதை நம் கரையில் சோதிக்க வேண்டுமென்றால் நம் கரையோர அளவீடு நீண்ட காலத்துக்கு நம்பகமாக இருக்க வேண்டும்.

ஐதராபாத்தில் 1999இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், வெப்பநிலை சட்டென்று மாறும் விளிம்புகளையும் நீரின் பசுமையையும் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, மீன் கூடும் வாய்ப்புள்ள இடங்களைத் தமிழ் உட்படக் கரையோர மொழிகளில் மீனவருக்கு அறிவிக்கிறது. பயனுள்ள வேலை. மேகம் மூடினால் அதற்கும் கண் மங்கிவிடும். கீழிருந்து அளந்து இந்தக் குறையை நிரப்பும் முயற்சி வேறு நாடுகளில் நடக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கி இறால் பொறிகளில் சிறு வெப்பமானிகளைக் கட்டி இருபது ஆண்டுகளுக்கு மேலாக அளக்கிறார்கள். நியூசிலாந்தில் மோவானா என்ற திட்டத்தில் உருவான, மீன்பிடி வலையோடு இறங்கி ஏறும் உணரி ஒவ்வோர் ஆழத்தின் வெப்பத்தையும் பதிந்து, படகிலிருந்தே கரைக்கு அனுப்புகிறது. அந்த அளவீடுகள் கடல் முன்கணிப்பில் சேர்கின்றன.

குமரி மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் கடல் விட்டுக்கொடுக்கும்போதெல்லாம் வள்ளங்களும் நாட்டுப் படகுகளும் போகின்றன. செயற்கைக்கோள் பார்க்க முடியாத அதே வாரங்களில், பார்க்க முடியாத அதே கடலில், அவை வலையை இறக்கி ஏற்றுகின்றன. அவற்றில் ஐம்பது படகுகளின் வலையில் ஒரு விரல் நீள வெப்பமானியைக் கட்டி, எடுத்த அளவீட்டின் வரைபடத்தை அன்று மாலையே அந்த மீனவர்களின் கைப்பேசிக்குத் திருப்பி அனுப்பினால், குளச்சலிலிருந்து நீரோடி வரையான எழுச்சியை மேற்பரப்பிலிருந்து தரை வரை நாள்தோறும் பார்க்கலாம். குவாந்தானிலும் கோலத் திரெங்கானுவிலும் இதையே செய்தால், பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஆழமற்ற திட்டில் எக்மனின் வாய்ப்பாடு எந்த ஆழத்தில் தடுமாறுகிறது என்பதும் தெரியவரும்.